மோட்டார்ஹோமின் பக்கவாட்டில் இரண்டு கிரில் எதற்கு?

பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு வீடாகவும் இருக்கும் வண்டி) வாங்கிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வெளிப்பக்கமெல்லாம் மூடியும் குழாயுமாக இருக்கிறது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் கிரில் வேறு. தூசி வருகிறதே, அடைத்துவிடலாமா?"

வேண்டவே வேண்டாம். சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். மூடிக்குள் நீல நிறக் கூட்டுக்குள் மூன்று பின் தெரிந்தால் அது வெளியிலிருந்து கரண்ட் எடுக்கும் இடம். 200 முதல் 250 வோல்ட்டுக்கு நீலம் என்பது சர்வதேச வழக்கம், மூன்றில் தடித்தது எர்த். பூட்டு வைத்த சின்ன மூடி தண்ணீர்த் தொட்டிக்கு (டீசல் மூடியும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஊற்றும் முன் இரண்டு தடவை பாருங்கள்). தாழ்வான கதவுக்குள் கழிவறை கேசட், அதாவது கழற்றி எடுக்கும் கழிவுத் தொட்டி. சிலிண்டர் பெட்டியின் தரையில் ஓட்டை இருந்தால் அது பழுது இல்லை, கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் இறங்கி வெளியேற வைத்த வழி.

சரி, கிரில்லுக்கு வருவோம். கழற்றிப் பார்த்தால் வளைந்து நெளிந்த கறுப்புக் குழாய்கள், அடியில் ஒரு குட்டி பர்னர். ஆமாம், உள்ளே இருப்பது நெருப்பால் குளிரும் ஃப்ரிட்ஜ்!

குழாய்க்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். சூடேறியதும் அம்மோனியா தண்ணீரிலிருந்து பிரிந்து ஆவியாக மேலேறுகிறது, உச்சியில் வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. வீட்டு ஃப்ரிட்ஜில் அடுத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அந்த அழுத்த வித்தியாசத்தை உண்டாக்கத்தான் கம்ப்ரஸர். இங்கே அது கிடையாது, குழாய் முழுக்க ஒரே அழுத்தம்தான். அப்புறம் எப்படி? திரவ அம்மோனியா போய் விழும் இடத்தில் ஹைட்ரஜன் நிறைந்திருக்கிறது. மொத்த அழுத்தத்தில் பெரும்பங்கை அது தாங்கிக்கொள்வதால் அம்மோனியாவின் சொந்தப் பங்கு மிகக் குறைவு, பள்ளியில் படித்த டால்டன் விதிதான். உடனே அம்மோனியா ஆவியாகத் தொடங்கி, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருந்து பிடுங்கிக்கொள்கிறது. பிறகு தண்ணீர் அம்மோனியாவை மட்டும் உறிஞ்சிக்கொள்ள, லேசான ஹைட்ரஜன் தன் இடத்துக்கே திரும்பிவிடுகிறது. மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. எனக்கு இன்றும் அலுக்காத தந்திரம் இது.

1922-ல் ஸ்டாக்ஹோமில் இதை உருவாக்கிய பால்ட்சர் வான் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும் அப்போது மாணவர்கள். நகரும் பாகமே இல்லாத ஃப்ரிட்ஜ் ஒன்றுக்கு ஐன்ஸ்டீனும் இயற்பியலாளர் லியோ சிலார்டும் 1930-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். "நெருப்பை வைத்துக் குளிரூட்டப் போகிறேன்" என்று இன்று ஒரு மாணவர் ஆராய்ச்சி நிதி கேட்டால் எத்தனை குழு கொடுக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

கீழ்க் கிரில் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே போய், குழாய்களின் சூட்டை வாங்கிக்கொண்டு மேல் கிரில் வழியாக வெளியேறுகிறது. அடைத்தால் அம்மோனியா திரவமாகாது, பால் திரிந்துபோகும். இன்னொன்று, திரவமெல்லாம் புவியீர்ப்பில் மட்டுமே வழிகிறது. வண்டி ஓடும்போது குலுக்கலில் எப்படியோ சமாளித்துவிடும், சரிவில் நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் ஓடவிட்டால் அங்கங்கே தேங்கி, பர்னர் பக்கம் அளவுக்கு மீறிச் சூடாகி, யூனிட்டே வீணாகலாம். அதனால் வண்டியை மட்டமாக நிறுத்தியபிறகே ஃப்ரிட்ஜைப் போடுங்கள்.