அணைத்த பல்பு ஏன் மினுக்குகிறது?

வீடு முழுக்க எல்.இ.டி. மாட்டிய ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால், அணைத்துவிட்டு வந்த ஹால் பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருக்கிறது. வீட்டில் ஏதோ இருக்கிறது என்கிறார் மாமியார். வாசலில் எலுமிச்சம்பழமும் கட்டியாகிவிட்டது. கெட்டுப்போனது பல்பா, வீடா?”

இரண்டும் இல்லை. சந்தேகப்பட வேண்டியது வயரிங்கை. அதுவும் எல்லா வீட்டிலும் இல்லை.

முதலில், சுவிட்ச் அணைந்திருக்கும்போது கரண்ட் எங்கிருந்து வருகிறது? சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் வயர் சுவருக்குள் தனியாகப் போவதில்லை. எப்போதும் கரண்ட் உள்ள வேறு வயர்களும் அதே பைப்பில் கூடவே ஓடுகின்றன. இரண்டு கம்பி, நடுவில் பி.வி.சி. உறை: பள்ளியில் படித்த மின்தேக்கி இதேதான். நம் வீட்டுக்கு வருவது விநாடிக்கு 100 முறை திசை மாறும் மாறுதிசை மின்னோட்டம் என்பதால், அது மின்தேக்கி வழியாகக் கொஞ்சம் தாண்டிவிடும். இரண்டு வயர்களும் பத்து மீட்டர் ஒட்டி ஓடினால் ஏறக்குறைய 50 மைக்ரோ ஆம்பியர் கசியும். அணைத்திருக்கும்போது சின்னதாகச் சிவப்பு விளக்கு எரியும் இன்டிகேட்டர் சுவிட்ச் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் குட்டி விளக்குக்கான கரண்டே உங்கள் பல்பு வழியாகத்தான் போயாக வேண்டும்.

இந்தக் கசிவு புதிதல்ல. குண்டு பல்பு காலத்திலும் இருந்தது. அப்போது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

60 வாட் குண்டு பல்பு எரிய சுமார் 260 மில்லி ஆம்பியர் வேண்டும். அதன் டங்ஸ்டன் இழை கிட்டத்தட்ட 2,500 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறினால்தான் நமக்குப் பழக்கமான மஞ்சள் வெளிச்சம் வரும். 500 டிகிரியை எட்டாத இழை நம் கண்ணுக்கு வெறும் கறுப்புக் கம்பி. கரண்டில் உருவாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் போகும். மின்னோட்டம் ஐந்தாயிரத்தில் ஒரு பங்கானால் வெப்பம் இரண்டரைக் கோடியில் ஒரு பங்கு. குளிர்ந்த இழையின் மின்தடை குறைவு என்பதால் நிஜத்தில் இன்னும் குறைவு. இழைக்குக் கசிவு வந்ததே தெரியாது.

எல்.இ.டி.க்குச் சூடேற வேண்டிய தேவையே இல்லை. அதன் குறைக்கடத்திச் சில்லில் ஒரு எலக்ட்ரான் மேல்படியிலிருந்து கீழே இருக்கும் காலியிடத்தில் விழுகிறது; விழும்போது இழக்கும் ஆற்றல் ஒரு ஒளித்துகளாக வெளியே வருகிறது. அவ்வளவுதான். குண்டு பல்பு ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிரம்பும்வரை நகராது. எல்.இ.டி. சைக்கிள்காரர் மாதிரி, ஒருத்தர் வந்தாலும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். 50 மைக்ரோ ஆம்பியர் என்று நாம் அலட்சியமாகச் சொல்வதில் விநாடிக்கு மூன்று கோடி கோடி எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அவற்றில் நிறைய வீணாகப் போனாலும், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு மிச்சமே தாராளம். சாயங்காலம் தெரியாத மினுக்கல் நடுராத்திரியில் தெரிவது அதனால்தான்.

சில பல்புகள் மங்கலாக எரியாமல் விட்டுவிட்டுக் கண்சிமிட்டும். சொட்டுச் சொட்டாக வரும் கரண்ட் உள்ளே இருக்கும் டிரைவரின் (வீட்டுக் கரண்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் மின்சுற்று) மின்தேக்கியில் சேர்கிறது, டிரைவர் விழிக்கும் அளவு சேர்ந்ததும் பளிச், சேர்ந்தது காலி, மறுபடி முதலிலிருந்து. ஒழுகும் குழாய்க்கடியில் சொம்பை வைத்து, நிரம்ப நிரம்பக் கொட்டுகிற மாதிரி.

வாசலில் கட்டிய எலுமிச்சம்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு பழத்தில் ஆளுக்கொரு செப்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய ஆணியும் குத்தி வரிசையாக இணைத்தால் ஒரு சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரியும். மாமியாருக்கு முன்னால் செய்து காட்டலாம். எலுமிச்சைக்கும் இந்த விளக்குக்கும் சம்பந்தம் உண்டு, அவர் நினைக்கிற சம்பந்தம் இல்லை.

நம் வெள்ளை பல்புக்குள் இருப்பது உண்மையில் நீல எல்.இ.டி. மேலே பூசிய மஞ்சள் பொடி நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலத்துக்காக ஜப்பானில் விஞ்ஞானி அகாசாகி 1970களிலேயே காலியம் நைட்ரைடு என்ற குறைக்கடத்தியோடு மல்லுக்கட்டத் தொடங்கினார். மற்றவர்கள் கைவிட்ட பொருள் அது. பளிச்சென்ற நீல எல்.இ.டி.யை நகமுரா அறிவித்தது 1993இல். அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் நோபல் 2014இல். ‘மூன்று வருஷத்தில் என்ன பலன்?’ என்று கேட்கும் நிதிக்குழு முன்னால் அகாசாகி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சரி, வாசகியின் பல்புக்கு வருவோம். வயர்கள் ஒட்டி ஓடுவதால் வரும் மினுக்கல் ஆபத்தில்லை. மாதம் முழுக்க எரிந்தாலும் யூனிட்டில் நூறில் ஒரு பங்குதான் ஆகும். இன்டிகேட்டர் சுவிட்சானால் சாதாரண சுவிட்சாக மாற்றினால் போதும். மூன்றாவது காரணம்தான் கவலைக்குரியது: சுவிட்சை பேஸில் (கரண்ட் வரும் வயரில்) வைக்காமல் நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் வயரில்) வைத்திருப்பது. அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் பல்பு ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும், தொட்டால் ஷாக்தான். டெஸ்டர் சின்னக் கசிவுக்கும் லேசாக எரியும் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, சுவிட்சுக்கு வருவது பேஸ்தானா என்று போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பல்பு மாற்றுவதாக இருந்தால், மாமியாரானாலும் சரி நீங்களானாலும் சரி, மெயினை அணைத்துவிட்டு அப்புறம் ஸ்டூலில் ஏறுங்கள்.