லைம் நோய்: பெயரும் அதன் தமிழும்

லைம் நோய் என்பது, போரேலியா எனப்படும் சுருள்வடிவ பாக்டீரியா உண்ணிக் கடியின் வழியே உடலுக்குள் புகுவதால் உண்டாகும் தொற்று ஆகும். பெயரில் உள்ள 'லைம்' எலுமிச்சையும் அன்று, சுண்ணாம்பும் அன்று. அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்து ஊர்ப்பெயர். இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையிலுள்ள லைம் ரீஜிஸ் என்னும் ஊரின் பெயரைக் குடியேறிகள் அங்கே கொண்டுசென்றனர். லைம் ரீஜிஸ் தன்வழி ஓடும் லிம் ஆற்றால் பெயர் பெற்றது. ஆகவே 'லைம்' என ஒலிபெயர்த்து எழுதுவதே முறை.

1970களில் லைமிலும் அதை அடுத்துள்ள ஓல்டு லைம் முதலிய ஊர்களிலும் பல குழந்தைகளுக்கு முழங்கால் வீங்கியது. சிறார் முடக்குவாதம் என்று மருத்துவர்கள் கூறியதை ஏற்காத பாலி மரே என்னும் தாய், நோயுற்றோர் விவரங்களைத் திரட்டி 1975இல் அதிகாரிகளிடம் முறையிட்டார். ஆலன் ஸ்டீயர் தலைமையிலான யேல் பல்கலைக்கழகக் குழு 39 குழந்தைகள் உட்பட 51 பேரை ஆராய்ந்து, 1977இல் அதற்கு 'லைம் மூட்டழற்சி' எனப் பெயரிட்டது. நரம்பும் இதயமும் பாதிக்கப்படுவது தெரியவந்தபின் 'மூட்டழற்சி' போய் 'நோய்' வந்தது. வில்லி பர்க்டார்ஃபர் 1981இல் உண்ணியின் குடலில் இந்த பாக்டீரியாவைக் கண்டார். அதன் சிற்றினத்துக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

இதனைத் தமிழில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவோர் உண்டு, அது தவறு. தமிழ்நாட்டில் அப்பெயர் ஸ்க்ரப் டைஃபஸ் நோய்க்கு வழங்கிவருகிறது. உண்மையில் அந்நோயைப் பரப்புவது நாம் மாட்டிலும் நாயிலும் பார்க்கும் உண்ணியும் அன்று, மைட் எனப்படும் நுண்பூச்சியின் இளம்பருவம். உண்ணியே பரப்பும் கியாசனூர் காட்டு நோய்க்கோ 'குரங்குக் காய்ச்சல்' என்று பெயர் விழுந்துவிட்டது. பெயர்கள் ஏற்கெனவே இவ்வாறு இடம் மாறிக் கிடக்கையில், இன்னொரு நோயையும் அதே சொல்லுக்குள் திணிப்பது மருத்துவக் குறிப்பைப் படிப்பவரைத் திசைதிருப்பும்.

கடியுண்ட இடத்தில் தோன்றி நாள்தோறும் அகலும் செந்நிறத் தடிப்புக்கு எரிதீமா மைக்ரன்ஸ் என்று பெயர். எரிதீமா, சிவப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். மைக்ரன்ஸ், இடம்பெயர்வதைக் குறிக்கும் இலத்தீன் சொல். ஆனால் தடிப்பு ஓரிடம் விட்டு வேறிடம் போவதில்லை, சுற்றிலும் பரவுகிறது. ஆதலால் 'படர்செந்தடிப்பு' என்பது மூலச் சொல்லைக் காட்டிலும் பொருத்தமானது என்பேன். ஸ்வீடன் நாட்டுத் தோல் மருத்துவர் ஆர்விட் அஃப்சீலியஸ் 1909இலேயே இதை விவரித்திருந்தார். நோயைக் கடத்தும் இளம் உண்ணி கசகசா விதையளவே இருப்பதாலும் அதன் கடி வலிப்பதில்லை என்பதாலும், கடிபட்டதை நோயாளிகளில் பலர் அறிவதே இல்லை. தடிப்பும் எல்லோருக்கும் வருவதில்லை.

தடிப்பைத் தவறவிட்டவரிடம் நோய் எதிர்பாராத வடிவில் வெளிப்படக்கூடும். முகத்தின் ஒருபுறமோ, அரிதாக இருபுறமுமோ தசைகள் செயலிழக்கும் முகவாதம் அவற்றுள் ஒன்று. இன்னொன்று, ஆங்கிலத்தில் ஹார்ட் பிளாக் எனப்படுவது. இதை 'இதய அடைப்பு' என்று பெயர்த்தால், தமிழ் வாசகர் இரத்தக்குழாய் அடைப்பு என்றே கொள்வார். இங்கே அடைபடுவது குழாய் அன்று. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்துடிப்பு தாமதமாகிறது அல்லது அறவே நின்றுவிடுகிறது. 'இதய மின்கடத்தல் தடை' என்பதே சரியான சொல். இளவயதினர் ஒருவர் மயங்கி விழுந்து, இத்தடை மணிக்கணக்கில் கூடிக் குறைவது இதய மின்வரைவில் (ஈசிஜி) தெரிந்தால், உண்ணிகள் மிகுந்த பகுதிகளில் மருத்துவர் லைம் நோயை நினைக்க வேண்டும். நோய் இன்னதென உணரப்பட்டால், தற்காலிக பேஸ்மேக்கரும் செஃப்ட்ரையாக்சோன் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும் பெரும்பாலும் போதும். தடை சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ நீங்கும். உணரப்படாவிட்டால், அவருக்கு நிரந்தர பேஸ்மேக்கர் வீணாகப் பொருத்தப்படலாம், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது.

நோயறிதலில் 'நெகட்டிவ்', 'பாசிட்டிவ்' என்னும் இரு சொற்களும் இங்கே எச்சரிக்கையோடு படிக்கத்தக்கவை. இரு கட்டங்களாகச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகச் சில வாரங்கள் ஆகுமாதலால், தடிப்பு இருக்கும் நாட்களில் 'நெகட்டிவ்' என்று வருவது இயல்பு. அப்போது தடிப்பைக் கண்ணால் பார்த்தே சிகிச்சை தொடங்கலாம். நோய் நீங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் தங்கக்கூடுமாதலால், 'பாசிட்டிவ்' என்பதும் இன்றைய நோய்க்குச் சான்றாகாது.

தொடக்க நிலையில் டாக்சிசைக்ளின் மருந்தை 10 முதல் 14 நாள் உட்கொண்டால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். மூட்டழற்சிக்கு வழக்கமாக 28 நாள். சிலருக்குக் கிருமி அழிந்த பின்னும் மூட்டு வீக்கம் நீடிப்பதுண்டு. அந்நிலையில் மேலும் மேலும் நுண்ணுயிர்க்கொல்லி தருவதை விட்டு, அழற்சியைத் தணிக்கும் மருந்துகளுக்கு மாறுவர். சோர்வு, உடல்வலி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை சிகிச்சை முடிந்து ஆறு மாதத்துக்கு மேலும் தொடரும் நிலை வேறு. அதனை மருத்துவ நூல்கள் 'சிகிச்சைக்குப் பிந்தைய லைம் நோய்க்குறித் தொகுதி' என்கின்றன. சொல் நீளமானதுதான். எனினும் வழக்கில் உள்ள 'நாட்பட்ட லைம் நோய்' என்பதை இதற்கு ஈடாகக் கொள்ள இயலாது. 'நாட்பட்ட' என்றவுடன் உயிருள்ள கிருமி உள்ளே பதுங்கியிருப்பதாகப் பொருள்பட்டு, அதை ஒழிக்க மாதக்கணக்கில் ஊசிமருந்து ஏற்றும் வழக்கம் அச்சொல்லோடு வந்து சேர்ந்தது. அத்தகைய நீண்ட சிகிச்சையை, ஒப்பீட்டுக்காகத் தரப்படும் மருந்தற்ற போலிமருந்தோடு (பிளாசிபோ) ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2001இல் வெளியானபோது, இரண்டுக்கும் பயனில் வேறுபாடு தென்படவில்லை. மறுபுறம், மாதக்கணக்கில் நரம்பில் கிடக்கும் மருந்துக் குழாய் வழியே இரத்தத்தில் புதிய தொற்று ஏறும் ஆபத்து உண்டு. நோயாளியின் வேதனை மெய்யானது என்பதில் ஐயமில்லை. மீட்சி பலருக்குச் சில மாதங்களிலும், சிலருக்கு அதனினும் மெல்லவும் வருகிறது. தமிழில் எழுதுவோர் இடச்சுருக்கம் கருதினால் 'லைம் பின்விளைவுநிலை' என்று எழுதலாம்; 'நாட்பட்ட' என்னும் அடைமொழியை, கிருமி இருப்பது உறுதியான பிற நோய்களுக்கு விட்டுவிடலாம்.