மேற்குச் சுவரும் ஆறு மூட்டை உமியும்

"நாலு மணி ஆச்சுன்னா உள்ளே உக்கார முடியலீங்க தம்பி. மூங்கில் வீடுன்னா குளுகுளுன்னு இருக்கும்னுதானே சொன்னாங்க?"

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் ஒரு தோட்டத்து வீடு. கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மார்ச் மாதம், மணி நாலரை. அந்த அம்மா சொன்னதில் மிகை எதுவும் இல்லை. மேற்குச் சுவரின் உட்புறத்தில் கையை வைத்தேன்; காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது.

மூங்கில் சட்டம் அடித்து, வெளிப்பக்கம் ஒரே ஒரு அடுக்கு பனம்பு (மூங்கில் கீற்றில் பின்னிய தட்டி) கட்டி, அதன்மேல் அடர் பழுப்பு நிறத்தில் வார்னிஷ் பூசியிருந்தார்கள். மொத்தக் கனம் ஐந்தாறு மில்லிமீட்டர் வரும். பார்க்க அழகுதான். ஆனால் அது சுவர் இல்லை, திரை. மூங்கில் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், செங்கல்லைவிட மெதுவாக. ஆனாலும் ஐந்து மில்லிமீட்டரில் எந்தப் பொருளும் வித்தை காட்டிவிட முடியாது. போதாததற்கு அடர் நிறம் வெயிலை உறிஞ்சிக்கொண்டது.

இதில் நம் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. கொச்சியிலோ ஆலப்புழையிலோ வீடு கட்டிப் பழகியவர்கள், "காற்று ஓடட்டும், இடுக்கு இருந்தால் நல்லது" என்பார்கள். அங்கே அது சரி. நமக்கு வருவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. கோடையில் அது வறண்டு, சுட்டுக்கொண்டு வரும். 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவான மாவட்டம் இது. அந்த நேரத்தில் பனம்பின் இடுக்கு வழியாக உள்ளே வருவது காற்று இல்லை, அடுப்புச் சூடு. நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் மூங்கில் வீட்டைப் பகலில் மூடி, இரவில் திறந்துவிட வேண்டும். மூடினால் மூடியதாக இருக்க ஒரு சுவர் வேண்டும்.

"சிமெண்ட் பூசிடலாமா?" என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. மூங்கில் வரிச்சில் (குறுக்கே அடிக்கும் பட்டைகளில்) கோழிவலை அடித்து இரண்டு அங்குலம் சிமெண்ட் பூசும் முறை நல்ல முறைதான். மழைக்கும் காற்றுக்கும் உறுதியாக நிற்கும். வெப்பத்துக்கு மட்டும் அது பெரிதாக உதவாது. உள்ளுக்கும் வெளிக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பனம்பு வழியாக ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 50 வாட் சூடு உள்ளே வரும். இரண்டு அங்குல சிமெண்ட் பூச்சென்றால் 40-க்கு மேல். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் 20 சொச்சம். இரண்டு அங்குலத்துக்கு உமி அடைத்த இரட்டைத் தட்டிச் சுவரில் பத்துக்குள் அடங்கிவிடும். கனமான பொருள் சூட்டைத் தேக்கி வைக்கும்; தடுப்பது உள்ளே சிறைப்பட்ட காற்று. உமியில் இருப்பதெல்லாம் அந்தக் காற்றுதான்.

இது எனக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். முதலில் செய்த ஒரு வீட்டில் தெர்மாகோல் வைத்து, மழைக்குப் பயந்து இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாளையும் சுற்றினேன். இரண்டு மழைக்காலம் போனது. தாளுக்குள் வேர்த்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் சட்டம் கறுத்து, விரல் நகத்தால் கீறினாலே நார் நாராக வந்தது. தெர்மாகோலில் எலி குட்டி போட்டிருந்தது. என் செலவில் பிரித்துக் கட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மூங்கில் சுவருக்கு மூச்சு விடாத பொருள் எதையும் நான் வைப்பதில்லை.

நம் பக்கம் நெல் ஊர். ஆலையில் உமிக்குப் பஞ்சமில்லை. உமியில் மணற்சத்து (சிலிக்கா) நிறைய. அதனால் சீக்கிரம் மக்காது, கறையானும் அதிகம் விரும்பாது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, நீற்றிய சுண்ணாம்புத் தூளும் வெண்காரமும் (போராக்ஸ்) கலந்து அடைக்க வேண்டும். பிளந்த மூங்கிலுக்கும் மருந்து முக்கியம். நூறு லிட்டர் தண்ணீருக்கு மூன்று கிலோ வெண்காரம், இரண்டு கிலோ போரிக் ஆசிட் என்று கரைத்து ஒரு வாரம் ஊறப் போடுவோம். இல்லையென்றால் உளுத்து மாவாகக் கொட்டும். ஒன்று, இந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும். அதனால் கூரையை மூன்றடியாவது வெளியே இறக்குங்கள்; சுவரையும் தரையிலிருந்து ஒன்றரை அடி கல்கட்டின் மேல் தொடங்குங்கள்.

அந்த அம்மா வீட்டில் மேற்குச் சுவரை மட்டும்தான் வேலைக்கு எடுத்தேன். நம் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரம் சூரியன் நேர் உச்சிக்கு வரும். கோடையில் தெற்குச் சுவரில் வெயிலே அதிகம் படாது. காசு கையைக் கடிக்கும்போது நாலு பக்கமும் அடைக்க வேண்டியதில்லை. (கூரை தகரம் என்றால் முதலில் அதைக் கவனியுங்கள், சுவர் அப்புறம். அவர்களுடையது பனையோலை வேய்ந்தது, பிரச்சினை இல்லை.)

பதினாறடி நீளம், ஒன்பதடி உயரம். உட்புறம் இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு பனம்பு. அதன்மேல் அரை அங்குல இடைவெளியில் வரிச்சு அடித்தோம், பனம்பில் நேரடியாக மண் பூசினால் உரிந்து வரும். மண்ணுக்குத் தோட்டத்துக் கரிசலையே எடுக்கலாம் என்றார் அவர் மகன். கரிசல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண் கொண்டுவந்து, மணல், நறுக்கிய வைக்கோல், சாணம் சேர்த்து நாலு நாள் புளிக்கவிட்டு ஓர் அங்குலம் பூசினோம். வார்னிஷைச் சுரண்டிவிட்டு வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கோவைக்காய்ப் பந்தல். கொடியைச் சுவரில் ஏற்றவே கூடாது.

உமி ஆறு மூட்டை பிடித்தது. ஓரடி நிரப்பி, கழியால் குத்தி இறக்கி, மறுபடி ஓரடி. மின்கம்பி எதுவும் அந்தச் சுவருக்குள் போகவில்லை. போயே ஆக வேண்டும் என்றால் குழாய்க்குள் போகட்டும். உமி பற்றினால் கொழுந்துவிட்டு எரியாது, உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். அது இன்னும் மோசம்.

அடுத்த கோடையில் போனேன். அந்த அம்மா அதே சுவரில் சாய்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "இப்போ பரவால்லீங்க. ஆனா மேலே மட்டும் சுடுதே?"

ஸ்டூல் போட்டு ஏறிக் கை வைத்தேன். மேலே ஓரடி சூடாக இருந்தது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. உமி அமுங்கிவிட்டது. அதற்காகவே சுவரின் மேல் விளிம்பில் ஒரு பட்டையை ஆணியடிக்காமல் ஸ்க்ரூ போட்டு வைத்திருந்தேன். கழற்றி அரை மூட்டைக்கும் மேல் கொட்டினோம். மகனிடம் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து, மாசி பிறந்ததும் ஒருதடவை திறந்து பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.