எம், கே, அரைப்புள்ளி: பார்வையற்றவர் காதில் ஓர் அரசாணை

பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளுக்குக் கண் கிடையாது. இணையப் பக்கத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் எழுதியிருக்கும் குறிகளை வைத்து பிரவுசர் ஒரு பட்டியல் போடுகிறது: இது தலைப்பு, இது இணைப்பு, இது பொத்தான், பொத்தானின் பெயர் 'சமர்ப்பி'. அந்தப் பட்டியலைத்தான் மென்பொருள் குரலில் சொல்கிறது. பெயர் எழுதாமல் விட்டிருந்தால் வெறுமனே "பொத்தான்" என்று சொல்லும். அழுத்தினால் படிவம் போய்ச்சேருமா, அழிந்துபோகுமா? அழுத்தித்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் கூடுதலாக ஒரு வம்பு உண்டு. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டினால், கோப்பில் பதிவாவது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அவற்றுக்கு எழுத்துரு தமிழ் வேடம் கட்டிவிடுவதால் கண்ணுக்கு அம்மா தெரிகிறாள்; காதில் எம்மும் கேயும்தான் விழும். உலகப் பொது எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் 'அ'வுக்கென்றே தனி எண் இருப்பதால் இந்த உளறல் இல்லை. 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றதன் பலன் பார்வையற்றவர்களுக்கும் சேர்ந்தது. காகிதத்தை அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றும் பிடிஎஃப் இன்னும் மோசம். அதில் எழுத்தே இல்லை, படம்தான். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்காவிட்டால் மென்பொருள் வாயே திறக்காது.

இவற்றில் பலவும் ஒரு வரி எழுதினால் தீரும் குறைகள். ஆனால் கட்டாயம் இல்லாவிட்டால் அந்த வரியை யார் எழுதுவார்கள்? அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2009-லேயே வெளியிட்டது. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மறு ஆண்டு அதற்கான விதிகள். அந்த விதிகளில் 15-ஆவது, அணுகல் தரங்களுக்காக (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இடங்களும் சேவைகளும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்காக) சுட்டிய ஆவணங்கள் பெரும்பாலும் பரிந்துரைகளாகவே இருந்தன. சட்டம் 'செய்ய வேண்டும்' என்றது. விதியோ 'செய்தால் நல்லது' என்ற அளவில் நின்றது. 2024 நவம்பர் 8 அன்று ரஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முரணைப் பிடித்தது. அவ்விதியின் முதல் உட்பிரிவைச் செல்லாதென அறிவித்து, கட்டாய விதிகளை வகுக்க அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது.

அடுத்த வழக்கு கண்ணிமை பற்றியது. இணையவழியில் வங்கிக் கணக்கு தொடங்க, எதிரில் இருப்பது உயிருள்ள ஆள்தானா என்று சோதிக்க, கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். ஆசிட் வீச்சில் இமை சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சிமிட்டல் அல்லாத வழிகளையும் ஏற்கச் சொன்னது.