கொலம்பைன் விதையைப் புதைக்காதீர்கள்

டொராண்டோ பக்கம் ஒரு நர்சரியில் நாற்று போடுவதுதான் என் வேலை. வருடா வருடம் ஜூன் வந்தால் யாராவது ஒருவர் வெறும் மண் நிரம்பிய தட்டோடு வந்து நிற்பார். போன வருடம் வந்தவர் ஸ்காபரோவில் இருக்கும் ஓர் அக்கா. "தம்பி, நீங்கள் தந்த விதை பழசு போல, ஒண்டும் முளைக்கேல்லை." எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். மிளகாய்க்குப் போடுவது போலத்தானாம்: ஏப்ரலில் விரல்நுனியால் குழி போட்டு, விதையை வைத்து மூடி, வீட்டுக்குள் ஹீட்டர் பக்கத்தில் வைத்தாராம். மிளகாய்க்கு அது சரி. அவர் வாங்கிப்போன கொலம்பைன் பூச்செடிக்கு அதில் ஒன்றுகூடச் சரியில்லை.

நான் சொல்வது இந்த ஊரின் சொந்தச் செடியான சிவப்பு கொலம்பைன், அக்விலீஜியா கனடென்சிஸ். மே மாதத்தில் சிவப்பும் மஞ்சளுமாகத் தலைகவிழ்ந்து பூக்கும், பூவின் பின்பக்கம் ஐந்து கொம்புகள் நீண்டிருக்கும், அந்தக் கொம்பின் நுனியில் இருக்கும் தேனுக்காக ஹம்மிங் பறவை வரும். நயாகரா எஸ்கார்ப்மென்ட் என்ற நீண்ட பாறைச் சரிவில் நடந்தவர்கள் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் இது நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே யார் குழி தோண்டி விதைக்கிறார்கள்? காய் வெடித்து, விதை தரையில் சிதறி, மேலே இலை விழுந்து, பனி மூடி, பனி உருகி, அப்புறம்தான் முளை வருகிறது. நாம் செய்ய வேண்டியதும் அவ்வளவுதான்.

முதல் விஷயம் வெளிச்சம். விதை கடுகைவிடச் சிறியது, கறுப்பாகப் பளபளக்கும். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும், அதனால் ஈரமான மண்ணின் மேல் தூவி, விரலால் மெல்ல அழுத்திவிட்டால் போதும். மூடவே வேண்டாம், கை சும்மா இருக்காது என்றால் ஒரு சிட்டிகை மணலைத் தூவிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குளிர். விதை உதிரும்போது உள்ளே இருக்கும் கரு முழுதாக வளர்ந்திருக்காது, முளைக்காமல் தடுக்கும் பூட்டு ஒன்றும் இருக்கும், ஈரத்தோடு சேர்ந்த குளிர்தான் அந்தப் பூட்டைத் திறக்கும். ஈரத்தோடு சேர்ந்த என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் காய்ந்த பாக்கெட்டை அப்படியே ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் வைத்துவிட்டு 'குளிர் காட்டியாச்சு' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ஈர மணலில் விதையைக் கலந்து, ஜிப் பையில் போட்டு, ஃப்ரீசரில் அல்ல, சாதாரண ஃப்ரிட்ஜ் தட்டில் 3 முதல் 4 வாரம் வையுங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் வைத்தால் மார்ச்சில் எடுத்து, 18 முதல் 21 டிகிரி செல்சியஸில், விளக்கு வெளிச்சத்தில் விதைக்கலாம். முளைக்க இன்னும் 3, 4 வாரம் ஆகும், சில விதைகள் அதற்குப் பிறகும் வரும்.

ஃப்ரிட்ஜ் என்று சொன்னதும் எனக்கு ஒரு பயம் வரும். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் பெயர் எழுதாத பொட்டலங்கள் எத்தனை இருக்கும் என்று தெரியும். கொலம்பைன் விதை பார்க்கக் கருஞ்சீரகம் போலவே இருக்கும், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்தான், ஆனால் கொலம்பைனின் விதையும் வேரும் நஞ்சு. பை மேல் பெரிதாகப் பெயர் எழுதுங்கள், சமையல் சாமான் பக்கமே வைக்காதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டவும் விடாதீர்கள்.

என்னைக் கேட்டால் ஃப்ரிட்ஜ் வேலையே வேண்டாம். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ தோட்டத்தில் பாதி நிழல் விழும், தண்ணீர் தேங்காத இடத்தில் தூவிவிட்டுப் போய்விடுங்கள், மீதியைக் கனடாக் குளிர் பார்த்துக்கொள்ளும். தவறவிட்டால் கீரை வாங்கும் பிளாஸ்டிக் பெட்டியின் அடியிலும் மூடியிலும் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, மேலே விதை தூவி மூடி, டிசம்பரிலோ ஜனவரியிலோ வெளியே பனியில் வைத்துவிடலாம்.

அந்த அக்காவின் தட்டையும் நான் கொட்டச் சொல்லவில்லை. மேல்மண்ணைக் கிளறிப் பரப்பிக் கொடுத்து, வீட்டுக்குப் பின்னால் நிழலில் வைத்துவிடுங்கள், காயவிடாதீர்கள், குளிர்காலத்திலும் உள்ளே எடுக்காதீர்கள் என்றேன். நம்பாத முகத்தோடுதான் போனார். இந்த ஏப்ரலில் போன் வந்தது: "தம்பி, தட்டிலை கொத்தமல்லி மாதிரி ஏதோ வருது." அதேதான் அக்கா, பிடுங்கி ரசத்தில் போட்டுவிடாதீர்கள் என்றேன்.

முளைத்ததும் மேலிருந்து தண்ணீரைக் கொட்டாதீர்கள், தட்டின் அடியில் ஊற்றி உறிஞ்சவிடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். முதலில் வரும் விதையிலைகள் போக, உண்மையான இலை இரண்டு மூன்று வந்தவுடன், மே கடைசியில் உறைபனி பயம் போனதும், 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டுவிடுங்கள். ஆணிவேர் ஆழமாகப் போகும் செடி, பெரிதான பிறகு இடம் மாற்றினால் பிழைப்பது கஷ்டம். முதல் வருடம் பெரும்பாலும் பூக்காது, அதற்காக உரத்தைக் கொட்ட வேண்டாம். இலையில் வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடினால் அது இலைக்குள் இருந்து தின்னும் புழு, அந்த இலைகளைக் கிள்ளிப் போட்டால் போதும், மருந்து தேவையில்லை.

செடிக்கு ஆயுள் மூன்று நான்கு வருடம்தான், ஆனால் காயை வெட்டாமல் விட்டால் தானே விதைத்துக்கொள்ளும். பக்கத்தில் வேறு நிறக் கலப்பினம் இருந்தால் குட்டிகள் தாயைப் போல வராது. பூங்காவில் நிற்பதிலிருந்து மட்டும் பறிக்காதீர்கள். தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ஜூலையில் கேட்டுப் பாருங்கள், காய் பழுப்பாகி நுனி திறந்திருக்கும், ஒரு காகித உறைக்குள் கவிழ்த்துத் தட்டினால் விதை கலகலவென்று விழும்.