ஆம்ப்ளிஃபயருக்குப் பவர் சுவிட்ச் பொருத்தும் முன்

வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டுபவர்கள் டிரான்ஸ்ஃபார்மரையும் ஐசியையும் பல நாள் விசாரித்து வாங்கிவிட்டு, பவர் சுவிட்சுக்கு மட்டும் கையில் அகப்பட்டதை எடுத்துப் பொருத்திவிடுகிறார்கள். அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு செட்டில் சிறிய டாகிள் சுவிட்ச் இருந்தது; எந்தப் பக்கம் தள்ளினாலும் செட் அணையவில்லை. பிரித்துப் பார்த்தால் தொடுமுனைகள் உருகி ஒட்டியிருந்தன.

கட்டியவர் கணக்குப் பார்க்காமல் இல்லை. 300 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டொராய்டல், அதாவது வளைய வடிவ, டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டில் முழுச் சுமையிலும் ஏறத்தாழ 1.3 ஆம்பியர்தான் இழுக்கும். சுவிட்ச் 3 ஆம்பியர் தாங்கும். ஆனால் செட்டைப் போட்ட கணத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகம் காந்தத்தால் நிறைந்துவிடுவதாலும், மின்னூட்டத்தைத் தேக்கும், காலியாக இருக்கும் 10,000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர்கள் நிரம்ப வேண்டியிருப்பதாலும், முதல் அரைச் சுழற்சியில், அதாவது நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள், பத்து மடங்குக்கும் மேலான மின்னோட்டம் பாயக்கூடும். தொடுமுனைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதித் துள்ளுவதும் அதே கணத்தில்தான். ஆகவே, சுவிட்சின் முதுகில் 250 வோல்ட் ஏசிக்கு எதிரே உள்ள எண்ணையே படிக்க வேண்டும். 125 வோல்ட்டுக்கான பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. 10/100 என்று குறித்திருந்தால், தொடர்ந்து 10 ஆம்பியரும் தொடக்கப் பாய்ச்சலாக 100 ஆம்பியரும் தாங்கும் என்று பொருள்.

இந்தப் பாய்ச்சலுக்கு அஞ்சி, சிலர் சுவிட்சை, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயருக்குப் பின்னே கொண்டுபோய் வைக்கிறார்கள். அது இன்னும் மோசம். ஏசி நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடுவதால், சுவிட்சை அணைக்கையில் தொடுமுனைகளுக்கிடையே எழும் பொறி தானே அணையும்; டிசியில் அந்த வாய்ப்பே இல்லை. டிரான்ஸ்ஃபார்மரும் இரவு பகலாக மின்சாரத்திலேயே கிடக்கும்.

ஒரே வயரைத் துண்டிக்கும் ஒற்றைத் துருவ சுவிட்ச் பேஸைத்தான் துண்டிக்க வேண்டும். ஆனால் நம் வீட்டுச் சாக்கெட்டுகளில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது அரிதன்று; இரண்டு முள் பிளக்கையோ எப்படியும் திருப்பிச் செருகலாம். சுவிட்சை அணைத்தபின் உள்ளே கைவைத்து ஷாக் வாங்கியவர்கள் பலர். எனவே இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் இரட்டைத் துருவ சுவிட்சையே நான் பரிந்துரைப்பேன். விளக்குள்ள மூன்று முனை ராக்கர் சுவிட்சில் மூன்றாவது முனை நியான் விளக்கின் நியூட்ரலுக்கு மட்டுமே உரியது; அதைப் பேஸ் செல்லும் வழியாக எண்ணி, மற்ற இரு முனைகளில் ஒன்றில் பேஸையும் இன்னொன்றில் நியூட்ரலையும் இணைத்தால், போட்டவுடன் ஷார்ட் ஆகும்.

பேஸ் முதலில், கணநேரப் பாய்ச்சலுக்கு உருகாத ஸ்லோ-ப்ளோ ஃபியூஸுக்கும், பிறகு சுவிட்சுக்கும், அதன்பின் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளீட்டுச் சுருளான பிரைமரிக்கும் செல்லட்டும். வால்யூம் கன்ட்ரோலுடன் சேர்ந்த சுவிட்ச் வசதிதான். ஆனால் 230 வோல்ட் வயர், மெல்லிய சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப்பின் அருகே ஓடினால் ஹம்மிங் போகாது. பின்பக்கத்தில் சுவிட்சை வைத்து வயர்களை முறுக்கி, சால்டர் செய்த முனைகளுக்கு ஸ்லீவ் போடுங்கள். எர்த் வயருக்கு, வேறெதையும் தாங்காத தனித் திருகு சேசிஸில் (உலோகப் பெட்டியில்) இருக்கட்டும்.

பிளக்கைச் செருகும் முன் மல்டிமீட்டரை அதன் பேஸ், நியூட்ரல் முள்கள் இரண்டிலும் வையுங்கள். சுவிட்ச் போட்ட நிலையில் பிரைமரிச் சுருளின் மின்தடை காட்ட வேண்டும், அணைத்தால் எதுவும் காட்டக் கூடாது. எர்த் முள்ளுக்கும் சேசிஸுக்கும் இடையே மட்டும் எப்போதும் பூச்சியத்தை ஒட்டிய அளவு வர வேண்டும்.