புகார் மனுவில் ‘வடநாட்டு ஆள்’ என்று எழுதும் முன்

கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகள் நடத்தி வருகிறேன். தேசிய நெடுஞ்சாலை 44 மாவட்டத்தை ஊடறுத்து ஓடுகிறது. அதனால் வண்டி உரசி அடிதடியில் முடிந்த வழக்கு ஒன்றாவது கைக்கு வராத மாதம் இல்லை. ஓசூரில் ஷிப்ட் விடும் நேரம், சுங்கச்சாவடி வரிசை, பக்கத்து தர்மபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய் இறக்கம் என்று எங்கே வேண்டுமானாலும் அது ஆரம்பிக்கும். முதல் தகவல் அறிக்கையில் பிரிவுகளும் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506(2). 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவையே 296(பி), 115(2), 351(3). கெட்ட வார்த்தை, கையால் அடி, கொலை மிரட்டல்.

இந்தப் பிரிவுகளைப் போலவே அடித்தவரைப் பற்றிய வர்ணனையும் மனுவுக்கு மனு அச்சடித்த மாதிரி வருகிறது. ‘வடமாநில நபர்கள்’, ‘கறுத்த நிறம், பார்க்க ரவுடி போன்ற தோற்றம்’, ‘கர்நாடகாக்காரன்’, ‘அந்த ஊர்ப் பையன்கள்’. இந்த வர்ணனையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன மாம்பழ சீசனில் வந்த ஒரு வழக்கு என்னை ரொம்பவும் உலுக்கிவிட்டது. சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மாங்காய் வியாபாரி ஒருவர். ஐம்பது வயது இருக்கும். கூழ் ஆலைக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டியில் போயிருக்கிறார். காவேரிப்பட்டணம் தாண்டி சர்வீஸ் ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு லாரி இவர் வண்டியின் கண்ணாடியை உரசிவிட்டு, கொஞ்ச தூரம் போய் நின்றது. இவர் இறங்கிப் போய்க் கேட்டார். லாரி டிரைவர் இறங்கி வந்து இந்தியில் திட்டினார், கையில் வீல் ஸ்பேனர். தலையில் நாலு தையல்.

பத்து நாள் கழித்து என்னிடம் வந்தார். போலீஸ் ஒன்றும் செய்யவில்லை என்று வருத்தம். புகார் நகலை வாங்கிப் படித்தேன். ‘அடையாளம் தெரியாத நான்கு வடமாநில நபர்கள் இந்தியில் ஆபாசமாகத் திட்டி, இரும்புக் கம்பியால் தாக்கினர். மீண்டும் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்.’ கூடவே அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், நாங்கள் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது. அதில் ‘அடையாளம் தெரியாத லாரி டிரைவர் ஒருவரால் ஸ்பேனரால் தாக்கப்பட்டதாக’ என்று மருத்துவர் குறித்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒருவர். ஸ்டேஷனில் நான்கு பேர். இந்த ஒரு முரண்பாட்டை வைத்தே விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கை உடைத்துவிடுவார். நானே அந்தப் பக்கம் நின்று உடைத்திருக்கிறேன்.

“அண்ணா, இறங்கி வந்தது எத்தனை பேர்?”

“ஒருத்தன்தாங்க வக்கீலம்மா. அப்புறம் கூட்டம் கூடிடுச்சு. மனு எழுதும்போது மச்சான்தான் நாலு பேருன்னு போடுங்க, அப்பத்தான் கேஸ் ஸ்ட்ராங்கா நிக்கும்னாரு.”

ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, யார் எவர் என்ற முடிவையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, கண்ணில் பட்டதை மட்டும் வரிசையாகச் சொல்லச் சொன்னேன். முகம் அவருக்கு ஞாபகமே இல்லை. ஸ்பேனர் அச்சு அசலாக ஞாபகம் இருந்தது. பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருந்ததாம். இது சகஜம். ஆயுதம் ஓங்கப்படும்போது கண் ஆயுதத்தில் நிலைகுத்திவிடும், முகம் பதியாது. நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர்கள் பல காலமாகச் சொல்லிவரும் விஷயம் இது. அப்புறம் காக்கிச் சட்டை, வலது கையில் செம்புக் காப்பு. லாரி நம்பர் டி.என். 29இல் ஆரம்பித்தது.

“லாரி முன்னாடி எதாவது எழுதியிருந்ததா?”

“முனியப்பன் துணைன்னு போட்டிருந்துச்சுங்க. கண்ணாடிக்கு மேல, மஞ்சள் எழுத்துல.”

“தமிழிலா?”

“தமிழ்லதாங்க.”

சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் பேசாமல் இருந்தார். டி.என். 29 தர்மபுரி வண்டி என்று இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முனியப்பன் நம் ஊர் எல்லையில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் சாமி. இரண்டையும் அவர் பார்த்திருக்கிறார், படித்திருக்கிறார், பத்து நாளாக மனதிலும் வைத்திருக்கிறார். ஆனால் மனுவில் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். “இந்தியில திட்டினானேங்க. வடநாட்டுக்காரன் எவனோ நம்மூர் வண்டியில டிரைவரா இருப்பான்னு விட்டுட்டேன்” என்றார்.

பொய் சொல்லவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ‘வடநாட்டுக்காரன்’ என்று மனம் முதலில் முடிவெடுத்தது. அந்த முடிவுக்கு ஒத்துவராத சாட்சியத்தை அதுவே ஓரமாக எடுத்து வைத்துவிட்டது.

கூடுதல் வாக்குமூலம் கொடுக்க வைத்தோம். பக்கத்து பெட்ரோல் பங்க்கின் கேமராப் பதிவு அதற்குள் அழிந்து போயிருந்தது. முதல் நாளே கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். பாஸ்டேக் பதிவுதான் காப்பாற்றியது. சம்பவம் நடந்து அரைமணி நேரத்துக்குள் சுங்கச்சாவடியைக் கடந்த டி.என். 29 லாரிகளை எடுத்துப் பார்த்து ஆளைப் பிடித்துவிட்டார்கள். தர்மபுரி பக்கத்துக்காரர், தாய்மொழி தமிழ். இருபது வருடம் நாக்பூர், இந்தூர் லைன் ஓட்டியவர். கோபம் வந்தால் வாயில் இந்திதான் வரும்.

இத்துடன் முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சம்பவம் நடந்த அன்று இரவு, இவர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது, மச்சானும் இன்னும் ஏழெட்டுப் பேரும் பைக்குகளில் கிளம்பியிருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கிரானைட் பட்டறை. பின்னால் தகர ஷெட்டில் ஒடிசாப் பையன்கள் தங்கியிருந்தார்கள். அடித்தது யாரென்று இவர்கள் யாரும் பார்க்கவில்லை. ‘வடக்கன் அடிச்சுட்டான்’ என்று போனில் கேட்டதுதான். ஷெட்டில் இருந்த இருவரில் ஒருவனுக்கு வயது 22, இன்னொருவனுக்கு 19. ஸ்டவ்வில் சோறு கொதித்துக்கொண்டிருந்ததாம். பெரியவனுக்கு விறகுக்கட்டையால் விழுந்த அடியில் முன்கை எலும்பு முறிந்தது. எதற்கு அடிக்கிறார்கள் என்றே புரியவில்லை என்று பிறகு சொன்னான். சண்டை நடந்த நேரத்தில் இருவரும் பட்டறையில் கல் மெருகேற்றிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியே அதற்குச் சாட்சி.

மாம்பழ வியாபாரிக்கு இது மறுநாள்தான் தெரியும். நல்ல மனிதர். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுதார். அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முறிந்த கை முறிந்ததுதான்.

இங்கே சட்டம் சொல்வதைப் பலரும் கவனிக்கவில்லை. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து, ஒருவரின் இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காகக் கொடுங்காயம் விளைவித்தால், கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 117(4) பிரிவு. உயிர் போய்விட்டால் 103(2), அதாவது தூக்கு அல்லது ஆயுள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இப்படித் தனிப் பிரிவு கிடையாது. ‘நான் சும்மா கூடப் போனேன்’ என்பதெல்லாம் அங்கே எளிதில் எடுபடாது.

கூட்டத்தின் கோபம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்தையே பார்க்கலாம். 2018 மே மாதம், வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு குடும்பத்தார் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். ஊர் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி செத்துப்போனார். அவர் சென்னைக்காரர், தமிழர்.

நாமும் அடி வாங்கிய பக்கத்தில் நின்றவர்கள்தான். 2016 செப்டம்பர் 12, காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் டி.என். நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் லாரிகளை உடைத்தார்கள், பேருந்துகளை டஜன் கணக்கில் கொளுத்தினார்கள். பஸ் ஓடாததால் அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர் எல்லை வரை மூட்டை முடிச்சோடு ஜனங்கள் நடந்து வந்தார்கள். அந்த டிரைவர்கள் யாரும் காவிரித் தண்ணீரை அடைத்து வைக்கவில்லை. இன்று கே.ஏ. வண்டி குறுக்கே வந்தால் ‘கர்நாடகாக்காரனுக்குத் திமிரு’ என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஓட்டுபவர் பெங்களூரில் வேலை பார்க்கும் ஊத்தங்கரைக்காரராக இருக்கலாம். நாகாலாந்து நம்பர் கன்டெய்னர் லாரிகளும் அப்படித்தான். பதிவு அங்கே, முதலாளி வேறு மாநிலம், டிரைவர் இன்னொரு மாநிலம். என்.எல். என்று பார்த்ததும் ‘நாகாலாந்து நபர்’ என்று எழுதிய புகார் ஒன்று என்னிடம் வந்தது. பிடிபட்டவர் ராஜஸ்தான்காரர்.

தர்மபுரியில் இது வேறு விதமாக நடக்கும். சாலையில் வண்டி உரசியதும் வாயில் வரும் முதல் கேள்வி “எந்த ஊருடா நீ?” வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரணக் கேள்வி. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஊரைக் கேட்கும் கேள்வி அல்ல, சாதியைக் கேட்கும் கேள்வி. ஊர்ப் பெயர் வெளியே வந்ததும், அதுவரை கண்ணாடிக்கும் பம்பருக்கும் நடந்த சண்டை இரண்டு ஊர்களின் சண்டையாக மாறுகிறது. கோபத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பலர் பார்க்கும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எஸ்) பிரிவு பாயும். 18ஆம் பிரிவு முன்ஜாமீன் கேட்கும் வழியையும் அடைக்கிறது. ‘வாய் தவறி வந்துடுச்சு மேடம்’ என்று வருகிறவர்களிடம் நான் இதைத்தான் கேட்பேன்: எதிரில் நின்றவர் உங்கள் சாதியாக இருந்தால் அந்த வார்த்தை வாய் தவறியிருக்குமா?

சரி, சாலையில் ஒருவர் மறித்துவிட்டார், என்ன செய்வது? இறங்காதீர்கள். கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, முடிந்தால் வெளிச்சம் உள்ள பங்க், சுங்கச்சாவடி, காவல் நிலையம் ஏதாவது ஒன்றுக்கு ஓட்டிப் போய்விடுங்கள். 112க்கு அழையுங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதை நடு ரோட்டில் நிரூபிக்க வேண்டாம். 1988 டிசம்பர் 27 அன்று பாட்டியாலாவில் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவுக்கு வயது 25. வண்டித் தகராறில் கையால் அடித்தார், 65 வயதுப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். அந்த வழக்கு 2022 மே 19 வரை இழுத்து, உச்ச நீதிமன்றம் ஓராண்டு கடுங்காவல் கொடுத்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல்.

அடி வாங்கிவிட்டீர்கள் என்றால், ஆஸ்பத்திரியில் மருத்துவரிடம் சொல்வதுதான் உங்கள் முதல் ஆவணம். வலியில் இருந்தாலும் எத்தனை பேர், எதனால் அடித்தார்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். மனுவை யாராவது எழுதிக் கொடுத்தால் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வண்டி நம்பர் முழுதாகத் தெரியாவிட்டால் தெரிந்த இரண்டு எழுத்து போதும். வண்டியில் எழுதியிருந்தது, நிறம், அடிபட்ட இடம், சட்டை, காப்பு, தழும்பு, நடை, நேரம், எந்தத் திசையில் போனது என்று எல்லாம் எழுதலாம். ‘இந்தியில் திட்டினார்’ என்று தாராளமாக எழுதலாம், அது காதில் கேட்டது. ‘வடநாட்டுக்காரர்’ என்பது கேட்டதும் அல்ல, பார்த்ததும் அல்ல. நிறத்தைச் சொல்ல வேண்டும் என்றால் நிறத்தை மட்டும் சொல்லுங்கள், ‘ரவுடி போன்ற’ என்பதைச் சேர்க்காதீர்கள். நம் வீட்டுப் பையன்கள் பாதிப் பேர் கறுப்புதான். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கேமராப் பதிவை அன்றைக்கே கேளுங்கள், அதை நீதிமன்றத்தில் கொடுக்கப் பாரதிய சாட்சிய சட்டம் 63(4)இன்படி சான்றிதழ் வேண்டும் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

இன்னொன்று. பழக்கமில்லாத இனத்தவரின் முகங்களைப் பிரித்து அடையாளம் காண்பதில் எல்லா நாட்டு மனிதர்களும் பலவீனமானவர்களே. இது அரை நூற்றாண்டாகத் திரும்பத் திரும்பச் சோதித்து உறுதியான விஷயம். ‘இவங்க எல்லாம் ஒரே மாதிரி இருக்காங்க’ என்று அடையாள அணிவகுப்பில் தோன்றினால், அதையே நீதித்துறை நடுவரிடம் சொல்லுங்கள். உறுதியாகத் தெரியவில்லை என்று சொல்வதில் குறை ஒன்றுமில்லை.

ஒடிசாப் பையன்களில் சின்னவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். பெரியவன் இங்கேதான் இருக்கிறான். கட்டுப் பிரித்தாகிவிட்டது, ஆனால் கனமான கல்லைத் தூக்க முடியவில்லை, பட்டறையில் இப்போது கணக்கு எழுதுகிறான். தொழிலாளி என்பதால் அவனுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100க்கு அழைத்தால் போதும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் என் தோழி ஒருவர் அவனுக்காக ஆஜராகிறார், 117(4)ஐச் சேர்க்கக் கேட்டு மனு போட்டிருக்கிறார். என் கட்சிக்காரர் அந்த வழக்கில் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார், மச்சானுக்கு எதிராக. வீட்டில் அதனால் பெரிய பிரச்சினை.

அடுத்த மாதம் அந்தப் பையனின் சாட்சியம். அவனுக்கு இந்தி அரைகுறை, தமிழ் அதற்கும் கீழே. இந்தியில் கேட்டால் போதாதா என்று நீதிமன்றத்திலேயே ஒருவர் கேட்டார். போதாது, அவன் மொழி ஒடியா. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் ஒடியாவும் தமிழும் நன்றாகத் தெரிந்தவர் யாராவது இருந்தால் தெரிவியுங்கள். ஒரு நாள் நீதிமன்றத்துக்கு வந்து மொழிபெயர்க்க வேண்டும்.